ஆயுள் நீண்ட கதை: மாட்டுங்காவும் தாராவியும்

முதுமையைத் தள்ளிப்போட மாத்திரை வருமா என்று சங்கத்துப் பெரியவர்கள் என்னைக் கேட்பதுண்டு. ராபமைசின் என்னும் மருந்து, வயதான எலிகளின் ஆயுளை நீட்டியதாக 2009இல் ஆய்வாளர்கள் காட்டினர். மனிதரில் அது இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் ஆயுள் நீண்ட கதை ஒன்று நம்ம பம்பாயிலேயே இருக்கு.

1896இல் மாண்ட்வியில் பிளேக் கண்டது. ஜனங்கள் மூட்டைமுடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தடுப்பூசி தயாரித்த ஹாஃப்கின், 1897 சனவரி 10இல் அதை முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். என்ன துணிச்சல் பாருங்க! 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், காற்றும் வெளிச்சமும் புகும்படி தாதர், மாட்டுங்காப் பகுதியில் அகலத் தெருக்களை வகுத்தது. நம்மவர் பலர் அங்கே குடியேறினர். கூப்பிடு தூரத்தில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த தமிழரின் தாராவிக்கு அந்தத் தெருக்கள் வாய்க்கவில்லை. பொதுக் கக்கூஸ் வாசலில் வரிசை இன்றும் நிற்கிறது.

1951 வாக்கில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32. இன்று 70ஐ ஒட்டி. இதில் பெரும்பங்கு, பிள்ளைச்சாவும் தொற்றுநோயும் குறைந்ததால் வந்தது. மாத்திரை பிற்பாடு வரட்டும். காற்றோட்டமில்லாத அறையில் காசநோய் சுலபமாய்ப் பரவும். தாராவியை இடித்துக் கட்டும் வரைபடத்தில் ஒவ்வொரு அறைக்கும் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று நம் சங்கம் இப்போதே கேட்கவேண்டும்.