வினைக்கு வெளியே பாதை: ஆங்கில நகர்வு வினைகளின் வரலாறும் நம் மொழிபெயர்ப்பும்

ஒன்று ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர்வதை நாம் கூறும்போது, அக்கூற்றில் இரு செய்திகள் அடங்கக்கூடும். எவ்வாறு பெயர்ந்தது என்பது ஒன்று. எவ்வழியே, எத்திசை நோக்கிப் பெயர்ந்தது என்பது மற்றொன்று. முன்னதை விதம் என்றும் பின்னதைப் பாதை என்றும் குறிப்பிடலாம். ஓடுதல், நீந்துதல், தவழ்தல் ஆகியன விதத்தைச் சொல்லும் வினைகள். நுழைதல், ஏறுதல், இறங்குதல், கடத்தல் ஆகியன பாதையைச் சொல்லும் வினைகள். இவ்விரு செய்திகளையும் வாக்கியத்தின் எவ்வுறுப்பில் வைப்பது என்பதில் மொழிகள் தம்முள் வேறுபடுகின்றன.

இவ்வேறுபாட்டை முறையாக ஆராய்ந்தவர் லெனார்ட் டால்மி. அவர் 1972ஆம் ஆண்டு பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், ஆங்கிலத்தையும் கலிபோர்னியப் பழங்குடி மொழிகளுள் ஒன்றாகிய அட்சுகேவியையும் ஒப்பிட்டார். 1985இலும் 1991இலும் வெளிவந்த கட்டுரைகளில் அக்கருத்தை விரிவுபடுத்தினார். பாதையை வினைச்சொல்லிலேயே அமைக்கும் மொழிகள் ஒருவகை; ஸ்பானியமும் பிரெஞ்சும் இவ்வகையின. பாதையை வினைக்கு வெளியே, அதனை ஒட்டி நிற்கும் சிறு சொல்லில் அமைக்கும் மொழிகள் மற்றொரு வகை. ஆங்கிலமும் ஜெர்மனும் இவ்வகையின. ஆங்கிலம் ஏன் இவ்வகையில் நிற்கிறது என்பதற்கும், அதனுள் மாற்றுவகைச் சொற்கள் ஏன் இத்தனை கலந்துள்ளன என்பதற்கும் அம்மொழியின் வரலாறே விடை கூறும்.

பழைய ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பத்து மொழி. செல்லுதலைக் குறிக்கும் பொதுவினையுடன் உள், வெளி, மேல், முன் என்னும் பொருள்தரும் சிறு சொற்களைச் சேர்த்தே அது பாதையைக் கூறிற்று. அச்சிறு சொற்கள் வினைக்கு முன்னும் வந்தன, பின்னும் வந்தன. காலப்போக்கில் அவை வினைக்குப் பின் நிற்பதே வழக்காயிற்று. உள்ளே வருவதாகிய வருமானத்தை ‘இன்கம்’ என்றும், வழித்தோன்றல்களை ‘ஆஃப்ஸ்ப்ரிங்’ என்றும் வழங்கும் பெயர்ச்சொற்களில் பழைய வரிசை இன்றும் எஞ்சி நிற்கிறது. இன்று ‘கோ’ என்பதன் இறந்தகாலமாக வழங்கும் ‘வென்ட்’ என்பதும், திரும்புதலைக் குறித்த ‘வெண்ட்’ என்னும் வேறொரு வினையிலிருந்து வந்து குடிபுகுந்ததே.

1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஆட்சி செய்தது. அடுத்த சில நூற்றாண்டுகளில் ‘என்டர்’, ‘பாஸ்’, ‘ரிட்டர்ன்’, ‘டிஸெண்ட்’, ‘அரைவ்’ முதலிய வினைகள் ஆங்கிலத்தினுள் வந்து சேர்ந்தன. இவை அனைத்தும் பாதையைத் தம்முள்ளேயே அடக்கியவை. ‘அரைவ்’ என்பதன் மூலப்பொருள் கரை சேர்தல். கரையைக் குறிக்கும் இலத்தீன் சொல் அதனுள் மறைந்திருக்கிறது. இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பண்டைய இலத்தீனும் முன்னொட்டுகளால் பாதையைச் சுட்டிய மொழியே. நாடகப் பனுவல்களில் மேடைக்குறிப்பாக வந்து ஆங்கிலத்தில் நிலைபெற்ற ‘எக்ஸிட்’ என்னும் சொல், வெளியைக் குறிக்கும் ‘எக்ஸ்’ என்பதும் செல்லுதலைக் குறிக்கும் வினையும் இணைந்தது. இலத்தீனிலிருந்து பிரெஞ்சு பிறந்தபோது இத்தகைய முன்னொட்டுகள் பல வினையோடு கரைந்து ஒன்றாயின. கரைந்த வடிவங்களையே ஆங்கிலம் கடனாகப் பெற்றது.

இதன் பயனாக ஆங்கிலத்தில் இரண்டு அடுக்குகள் உருவாயின. ‘கோ இன்’ என்பதற்கு ‘என்டர்’, ‘கோ டவுன்’ என்பதற்கு ‘டிஸெண்ட்’, ‘கோ பேக்’ என்பதற்கு ‘ரிட்டர்ன்’ என இணைகள் நிற்கின்றன. முன்னவை வீட்டுப் பேச்சுக்கு உரியவை. பின்னவற்றில் பல அலுவலகத்திற்கும் ஏட்டிற்கும் உரியவை. வினையும் சிறு சொல்லும் சேர்ந்து பொருள்தரும் தொடர்கள் அயலாருக்குப் பெரிதும் இடர்ப்பாடு தருவன என்பதை, 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் குறிப்பிட்டார். எனினும் இத்தொடர்களைக் குறிக்கும் ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்னும் பெயர், 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலின் வாயிலாகவே பரவலாயிற்று.

இவ்வரலாறு நம் வகுப்பறைக்கு எவ்வாறு பயன்படும்? அறைக்குள் நுழைந்தான் என்பதை ஆங்கிலத்தில் எழுதும் மாணவர் ‘என்டர்’ என்பதன்பின் ‘இன்டு’ சேர்க்கிறார். ‘ரிட்டர்ன்’ என்பதன்பின் ‘பேக்’ சேர்க்கிறார். இவை கவனக்குறைவால் மட்டும் நேர்வன அல்ல. பாதையைச் சிறு சொல்லில் வைக்க வேண்டும் என்னும் ஆங்கிலத்தின் பழைய விதியைக் கடன் வினைகளுக்கும் அவர் நீட்டிவிடுகிறார். மேலும், தமிழில் ‘மேலே ஏறினான்’, ‘உள்ளே நுழைந்தான்’ என்பன இயல்பான தொடர்கள். பாதையை இருமுறை கூறுவது நமக்குக் குற்றமன்று. ஆங்கிலத்தின் கடன் வினைகளோ பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. உடன்படிக்கை செய்துகொள்ளுதல் போன்ற பொருளில் மட்டும் ‘என்டர்’ என்பதோடு ‘இன்டு’ முறையாக வருகிறது. சொல்லின் பிறப்பை எடுத்துரைத்தால், மனப்பாடம் செய்யவேண்டிய விலக்காகத் தோன்றுவது காரணத்தோடு விளங்கிவிடும்.

எதிர்த்திசையில் நேரும் பிழை இதனினும் கவலைக்குரியது. ‘ஸ்விம் அக்ராஸ் த ரிவர்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, ‘ஆற்றின் குறுக்கே நீந்தினான்’ என எழுதுகின்றனர். அவன் அக்கரை சேர்ந்தானா என்பது இதில் தெளிவாவதில்லை. தமிழ் மரபு விதத்தை வினையெச்சமாக்கிப் பாதையை முற்றுவினையில் வைக்கிறது: ‘ஆற்றை நீந்திக் கடந்தான்.’ ஆங்கிலத்தில் முதன்மை வினையாக நிற்பது தமிழில் எச்சமாகிறது; ஆங்கிலத்தில் சிறு சொல்லாக நிற்பது தமிழில் முதன்மை வினையாகிறது.

பாதை நீளும்போது இவ்வேறுபாடு மேலும் புலப்படும். ‘ஹி ரேன் அவுட் ஆஃப் த ஹவுஸ், டவுன் த ஹில், அக்ராஸ் த ரோடு அண்ட் இன்டு த டெம்பிள்’ என்னும் ஆங்கில வாக்கியத்தில் ஓடுதல் என்னும் வினை ஒன்றே; பாதைகள் நான்கு. தமிழில் அதனை, ‘வீட்டைவிட்டு வெளியே ஓடி, மேட்டிலிருந்து இறங்கி, சாலையைக் கடந்து, கோயிலுக்குள் நுழைந்தான்’ என்போம். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வினை வேண்டியிருக்கிறது. ‘வீட்டுக்குள் ஓடினான்’ என்னும் வகையும் தமிழில் உண்டு. ஆயினும் எல்லை கடத்தலைத் தெளிவுறச் சொல்ல விரும்பும் இடங்களில் தமிழ் பெரும்பாலும் பாதை வினையையே நாடுகிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் மாணவர் நாள்தோறும் இருமொழிகளுக்கிடையே சென்று வருகின்றனர். மொழிபெயர்ப்பில் தனிச்சொற்கள் தமிழாக இருந்தும் வாக்கியத்தின் எலும்புக்கூடு ஆங்கிலமாகவே நின்றுவிடும் இடர் அவர்களுக்கு உண்டு. அகராதியைப் புரட்டி ஒவ்வொரு முன்னிடைச்சொல்லுக்கும் நேர்ச்சொல் தேடச் செய்வது இவ்விடரைப் பெருக்கும். மாறாக, ஆங்கில வாக்கியத்தில் பாதை எங்கே இருக்கிறது என முதலில் வினவச் செய்வோம். பிறகு அதே பாதையைத் தமிழில் எவ்வினை ஏற்கும் என வினவச் செய்வோம். கட, ஏறு, இறங்கு, நுழை, சேர், அகல் எனத் தமிழிடம் பாதை வினைகளுக்குக் குறைவில்லை. அவற்றை உரிய இடத்தில் அமர்த்தும் பழக்கமே மாணவரின் எழுத்தைத் தமிழாக்கும்.