பல்பொடி, திருநீறு, குருந்தம்: ஒரு கார் கீறலின் பின்னால்

போன கார்த்திகை தீபத்துக்கு வந்த அத்தையை அழைத்துவர மச்சானோட காரை வாங்கிக்கொண்டு போனேன். தீபத்தன்று ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள். ஊருக்கு வெளியே தற்காலிக பார்க்கிங்கில் விட்டுவிட்டு நடந்தோம். ராத்திரி திரும்பி வந்து பார்த்தால் இடது பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். யாரோட பையோ, சைக்கிளோ உரசியிருக்கணும். கருநீலக் கார், வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மறுநாள் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கணும்.

லேசான கீறலுக்கு டூத் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதுவும் வெள்ளை பேஸ்ட்தான் வேணும், ஜெல் ஆகாது என்பார்கள். வீட்டில் இருந்தது ஜெல். நான் யோசித்தது இதுதான்: பேஸ்ட் செய்யறது தேய்க்கிற வேலைதானே, அதைவிட நல்லா தேய்க்கிறது பாத்திரம் விளக்குற பவுடர் இருக்கே! ஈரத்துணியில் தொட்டு பத்து நிமிஷம் தேய்த்தேன். கீறல் மங்கியது உண்மை. ஆனால் அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக, மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி ஒரு திட்டு.

காலையில் போளூர் ரோட்டுப் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறைக்கு ஓடினேன். பெயிண்டர் அண்ணன் திட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா சார் பண்ணி வச்சிருக்கீங்க?" சொன்னேன். "வீட்ல சாமி வெளக்கு எதுல தேய்ப்பாங்க?" என்றார். புளி போட்டு, கடைசியில் விபூதி போட்டு என்றேன். "பித்தளைக்கு விபூதின்னு தெரிஞ்சிருக்கு இல்ல? காருக்கு மட்டும் மண்ணு போட்டுத் தேய்ப்பீங்களா?"

அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்து வந்துதான் இந்தக் குறிப்புகளைச் சேர்க்க ஆரம்பித்தேன்.

நம்ம வீடுகளில் விளக்கு தேய்ப்பது இரண்டு வெவ்வேறு வேலை. புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் பித்தளை மேல் படிந்த கறுப்பைக் கரைக்கும். அது ரசாயனம். திருநீறு செய்வது வேறு. பசுஞ்சாணச் சாம்பல் அது; மாடு தின்ற புல்லிலும் வைக்கோலிலும் இருந்த சிலிக்கா, மாவு போன்ற நுண்துகளாக அதில் மிஞ்சுகிறது. அந்தத் துகள் உலோகத்தை மெல்லச் சுரண்டி மழமழப்பாக்கும். அண்டா, குண்டானின் அடிக்கரிக்குச் செங்கல் தூள், அன்றாடப் பாத்திரத்துக்கு அடுப்புச் சாம்பல், சாமி விளக்குக்கு மட்டும் திருநீறு. யாரும் மைக்ரான் கணக்குப் பார்க்கவில்லை. ஆனால் கரடிலிருந்து நைஸுக்குப் போகிற வரிசை சரியாக இருந்தது.

பல்லுக்கும் இதே கதை. டூத் பேஸ்ட் வருவதற்கு முன் நம்ம கிராமங்களில் உமிக்கரி. நெல் உமியை முழுக்க எரித்தால் மிஞ்சுகிற சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். இன்றைய பேஸ்ட்களில் தேய்ப்பானாக இருப்பது சுண்ண கார்பனேட் அல்லது நீரேற்றிய சிலிக்கா. ஆரணி, போளூர் பக்கத்து ரைஸ் மில் உமிமேட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது பல் விளக்குகிற ஞாபகம்தான் வருகிறது. சிவப்புப் பல்பொடிகளில் சேர்க்கிற காவிக்கல் இரும்பு ஆக்சைடு. நகைப் பட்டறையில் தங்கத்துக்கு மெருகேற்றும் சிவப்பு 'ரூஜ்' பொடியும் இரும்பு ஆக்சைடுதான்.

பல்லின் எனாமலுக்கு, மோஸ் என்கிற கடினத்தன்மை அளவில், சுமார் 5. சுண்ண கார்பனேட் 3. எனாமலைக் கெடுக்காமல் அழுக்கை மட்டும் எடுக்க வேண்டிய பொருள் அது. அதனால்தான் காரின் மேல்பூச்சிலும் பேஸ்ட் பெரிய கேடு செய்யாமல் லேசான கீறலை மங்கச் செய்கிறது. நான் போட்ட பவுடர், அடிபிடித்த பாத்திரத்தைச் சுரண்டுவதற்கு என்றே செய்தது.

சரி, காரைத் தேய்க்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது? 1920களின் தொடக்கம் வரை கார்களுக்கும் குதிரை வண்டிக்குப் பூசுகிற மாதிரி வார்னிஷ்தான். ஒரு கார் பூசி முடிந்து காய வாரக்கணக்கில் ஆகும். 1923-இல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 'டூகோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் 1924 மாடல் ஓக்லாண்ட் கார்கள் அந்தப் பூச்சோடு வெளிவந்தன. சீக்கிரம் காய்ந்தது. ஆனால் மங்கலாகக் காய்ந்தது. தேய்த்துத்தான் மினுக்கு வரவழைக்கணும். ரப்பிங் காம்பவுண்டு கார் உலகத்தில் நிலைத்தது இதனால்தான். நம்ம ஊர் மர வேலைக்காரர்கள் வாயில் 'டூகோ பெயிண்ட்' இன்னும் இருக்கிறது.

2014-இல் தயாரிப்பு நின்றுபோன அம்பாசிடர் காரை நினைத்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் நிறமும் மினுக்கும் ஒரே பூச்சு. டாக்சி ஸ்டாண்டில் டிரைவர்கள் பல்பொடி போட்டுத் தேய்த்ததை பெயிண்டர் அண்ணன் சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம். துணியில் கலர் ஏறும், வண்டி பளிச்சென்று ஆகும். 1980களிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய முறை வேறு: நிறத்துக்கு ஒரு பூச்சு, அதன் மேல் கண்ணாடி மாதிரி நிறமில்லாத 'கிளியர் கோட்'. பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லிசு. லேசான கீறல் என்பது அந்தக் கண்ணாடியில் விழுந்த ஒரு சின்னப் பள்ளம். தேய்த்தால் பள்ளம் நிரம்பாது; சுற்றியிருக்கிற மேட்டைத்தான் குறைக்கிறோம். துணியில் கலர் வந்தால் அம்பாசிடர் டிரைவருக்கு நல்ல சகுனம். எனக்கு வந்திருந்தால் கதை முடிந்தது.

அண்ணன் முதலில் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார், ஒட்டியிருக்கிற மண்ணே அடுத்த கீறலைப் போடும் என்பதால். ஈரத்தில் கீறல் கண்ணுக்கு மறைந்தது. நகத்தைக் குறுக்கே ஓட்டினார், சிக்கவில்லை. மேல்பூச்சோடு நின்றிருக்கிறது என்று அர்த்தம். நகம் சிக்கினால் பேஸ்ட், ஆப்பசோடா எதுவும் உதவாது, பெயிண்ட்தான். எலுமிச்சையும் வினிகரும் வீண். கரைப்பதற்கு அங்கே களிம்பு கிடையாது. தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் மறையும், அடுத்த மழை வரை.

பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பர். பத்து மைக்ரான் அளவுள்ள துகள்கள் ஒட்டிய உப்புத்தாள் அது. தண்ணீர் விட்டு விட்டு, பிள்ளைக்கு முதுகு தேய்க்கிற மாதிரி தேய்த்தார். கடைசியில் காம்பவுண்டு. நான் டப்பாவைத் திருப்பிப் படித்தேன்: அலுமினியம் ஆக்சைடு.

என்னை நிறுத்தியது இந்த இடம்தான். இயற்கையில் கிடைக்கிற அலுமினியம் ஆக்சைடுக்கு ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று பெயர். மாணிக்கமும் நீலமும் அதன் வகைகள். கடினத்தன்மை 9, வைரத்துக்கு ஒரு படி கீழே. அந்தப் பெயர் நம்ம 'குருந்தம்'. தெலுங்கு, சமஸ்கிருதத்தின் 'குருவிந்தம்' இதற்குச் சொந்தம். நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் பக்கத்து சித்தம்பூண்டி, குருந்தக்கல்லுக்காக இன்றும் புவியியல்காரர்கள் தேடி வருகிற இடம். அரக்கில் குருந்தப் பொடியைக் குழைத்து நம் ஊர்களில் சாணைச் சக்கரம் செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் வுட்வர்டு என்ற ஆங்கிலேயர் தன் கல் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறார்: நெல் வயலில் எலிகள் தோண்டித் தள்ளுவது, இரும்பை மெருகேற்ற உதவுவது என்று. எலி தள்ளிய கல் லண்டன் வரை போயிருக்கிறது! 1798-இல் சார்லஸ் கிரெவில் ராயல் சொசைட்டி இதழில் இதைப் பற்றி நீண்ட கட்டுரையே எழுதினார்.

1891-இல் அமெரிக்காவில் எட்வர்டு அச்செசன் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் சூடாக்கி ஒரு புதுக் கடினப் பொருளைக் கண்டார். கார்பனும் கொரண்டமும் கலந்தது என்று தவறாக நினைத்து 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. தப்பான பெயர்தான், ஆனால் நிலைத்துவிட்டது. 1954-இல் முருகப்பா குழுமம் வெளிநாட்டுக் கம்பெனிகளோடு சேர்ந்து சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் வழியாக அந்தச் சொல் புறப்பட்ட நாட்டுக்கே திரும்பி வந்தது, பாதித் தமிழாக.

அரை மணி நேரத்தில் திட்டு போய்விட்டது. கூலி வாங்கும்போது அண்ணன், "கொஞ்சம் தோல் போயிருக்கு சார். இதே எடத்துல இன்னொரு தபா கை வச்சிடாதீங்க" என்றார். மச்சானிடம் மறைக்கவில்லை. கதவை வெயிலில் சாய்த்துப் பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை. "எந்த எடம் மாமா?" என்றான். காட்டினேன். இப்போது காரைக் கழுவும்போதெல்லாம் அந்தக் கதவை மட்டும் வெறும் தண்ணீரில் விடுகிறானாம்.