நாம் பார்க்காமல் விட்ட மெட்ராஸ்

“மெட்ராஸ்ல பாக்கறதுக்கு அப்படி என்னடா இருக்கு? பீச், பாம்புப் பண்ணை, தி.நகர். அவ்வளவுதானே?”

முதலாண்டு விடுதி அறையில் மதுரை நண்பன் ஒருவன் இப்படிக் கேட்டான். மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மஹால் என்று அவன் ஊர்ப் பட்டியல் நீளம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அந்தப் பழைய கடனை இப்போதாவது தீர்த்துவிடலாம் என்று தோன்றியது.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சரித்திர ஆசிரியன் அல்ல, சாதாரண சிவில் என்ஜினீயர். ஆகவே நான் காட்டப்போகும் இடங்களில் அரண்மனையும் இல்லை, ஆயிரங்கால் மண்டபமும் இல்லை. ஒரு தூண், ஒரு குன்று, சில கிணறுகள், ஒரு துண்டுச் சுவர், ஒரு எல்லைக் கல், அவ்வளவுதான். ஆனால் அவற்றில் இரண்டு நம்முடைய குடும்பச் சொத்து. எப்படி என்று பாருங்கள்.

எட்டுப் பையன்கள்

நம் கல்லூரி 1794-ல் தொடங்கியது என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். பனியனிலும் போட்டுக்கொண்டு திரிகிறோம். ஆனால் தொடங்கியது கிண்டியில் அல்ல. இங்கே நாம் வந்தது 1920-ல்தான். முதலில் கோட்டைக்கு அருகே ஒரு கட்டடத்தில் சர்வே பள்ளியாக, எட்டே எட்டு மாணவர்களோடு ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் மைக்கேல் டாப்பிங்.

திப்பு சுல்தானோடு 1792-ல் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பின் கம்பெனியின் கைக்குப் புதிதாக நிலம் வந்தது. நிலம் வந்தால் வரி போட வேண்டும். வரி போட வேண்டுமென்றால் அளக்க வேண்டும். அளக்க ஆள்? ஒவ்வொரு சர்வேயரையும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவழைத்தால் கட்டுப்படியாகுமா? இங்கேயே பையன்களைப் பிடித்துப் பழக்கு என்றார் டாப்பிங். அந்தப் பையன்கள்தான், ஐயா, நம்முடைய முதல் சீனியர்கள்!

நுங்கம்பாக்கத்துத் தூண்

அதே டாப்பிங் 1792-ல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வுக் கூடம் கட்டினார். இன்று வானிலை மையம் இருக்கிறதே, அதே வளாகம். “சென்னையில் இடியுடன் கூடிய மழை” என்று நாம் கேட்கும் செய்தியெல்லாம் புறப்படும் இடம். உள்ளே ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் உயரம், சுமார் 10 டன் எடை. தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு.

எதற்கு இவ்வளவு பெரிய கல்? மேலே வைக்கும் தொலைநோக்கிக் கருவி துளிகூட அசையக்கூடாது. அசைந்தால் நட்சத்திரம் எப்போது உச்சியைக் கடந்தது என்ற கணக்குத் தவறும். அது தவறினால் நேரம் தவறும். நேரம் தவறினால் தீர்க்கரேகை தவறும். ஃபவுண்டேஷன் சரியில்லாவிட்டால் மேலே எது கட்டினாலும் வீண் என்று வகுப்பில் நமக்குச் சொன்ன பாடம்தான்.

டாப்பிங் 1796-ல் காலமானார். கூடத்தையும் பள்ளியையும் சேர்த்துக் கவனித்தவர் ஜான் கோல்டிங்ஹாம். இன்று ராஜாஜி ஹால் என்று நாம் அழைக்கும் கட்டடத்தை வடிவமைத்ததும் அவரே. அவர் கணித்த ‘மெட்ராஸ் நேரம்’ கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். பிற்பாடு இந்திய ரயில்கள் பலகாலம் இந்த மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. 1906-ல் இந்திய நேரம் என்று ஒன்று வந்தபோது நம் கடிகாரங்கள் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளப்பட்டன. 1867-ல் இதே கூடத்தில் பணியாற்றிய ரகுநாதாச்சாரி ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1899-ல் வானாய்வு கோடைக்கானலுக்குப் போயிற்று. தூண் மட்டும் போகவில்லை.

பரங்கிமலைச் சங்கிலி

இரண்டாவது இடம் பரங்கிமலை. மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலையை யாரோ ஒரு வெள்ளைக்காரர் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித் தாண்டிப் போனவன்தான்.

1802 ஏப்ரல் 10-ஆம் தேதி, நல்ல வெயில் காலத்தில், இந்த மலையடியிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தை 100 அடி எஃகுச் சங்கிலியால் லாம்டன் அளக்கத் தொடங்கினார். சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்த வேலை அல்ல. மரப் பெட்டிகளுக்குள் சங்கிலியைக் கிடத்தி, முக்காலிகள் மேல் மட்டம் பார்த்து, வெயில் படாமல் நிழல் கட்டி, வெப்பமானியைப் பார்த்துச் சூட்டுக்குச் சங்கிலி எவ்வளவு நீண்டது என்று கணக்குப் போட்டு, நகர்த்தி நகர்த்தி அளந்தார்கள்.

இந்த ஒரு கோட்டை வைத்துத்தான் முக்கோணம் மேல் முக்கோணமாக இந்தியா முழுவதும் அளக்கப்பட்டது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856-ல் அறிவித்தார்களே, அந்தக் கணக்கின் வேர் நம் பரங்கிமலையில் இருக்கிறது.

சர்வே பள்ளியில் படித்து லாம்டனிடம் சேர்ந்து, அந்த மாபெரும் சர்வேயில் பல ஆண்டுகள் உழைத்தவர் ஜோஷுவா டி பெனிங். நம் ஆள்! அவருக்குச் சிலை எதையும் நான் பார்த்ததில்லை. அவருக்காவது பெயர் மிஞ்சியது. பெட்டி சுமந்தவர்கள், நிழலுக்குப் பந்தல் பிடித்தவர்கள், கொடி நட்டவர்கள் எல்லோரும் நம் ஊர்க்காரர்கள்தானே? அவர்கள் பெயரைக் கல்லில் வெட்டவில்லை.

இங்கே ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லியாக வேண்டும். எங்கள் சர்வே கேம்ப்பில் டிராவர்ஸ் போட்டபோது, சுற்றி வந்து சேர வேண்டிய கோடு கால் மீட்டருக்கு மேல் பிசகி நின்றது. மறுபடி அளக்க யாருக்கும் மனசில்லை. “மச்சி, ரீடிங்கைக் கொஞ்சம் தட்டிக்கொட்டிச் சரிபண்ணிடலாம்டா” என்றேன். ஆம், சொன்னது நானேதான். ராத்திரியோடு ராத்திரியாக ஃபீல்டு புக் புதிதாக எழுதப்பட்டது. காலையில் ஆசிரியர் பார்த்துவிட்டு, “ரொம்ப அழகா க்ளோஸ் ஆகுதேப்பா!” என்றார். தெரிந்து சொன்னாரோ, தெரியாமல் சொன்னாரோ!

லாம்டன் 1804-ல் பெங்களூர் அருகே இன்னொரு அடிக்கோட்டை அளந்து சரிபார்த்தார். மெட்ராஸிலிருந்து முக்கோணங்கள் வழியே கணக்குப் போட்டு வந்த நீளத்துக்கும் நேரில் அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் சுமார் 4 அங்குலம்தான். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் தியோடலைட் அடிபட்டது. வாரக்கணக்கில் உட்கார்ந்து, நெளிந்த வட்டத்தைத் தானே தட்டிச் சரிசெய்தார் மனுஷன். அவர் கருவியைத் தட்டினார், நாங்கள் ரீடிங்கைத் தட்டினோம். அந்தச் சிலைக்கு முன்னால் இரண்டாம் முறை நின்றபோது எனக்கு இதுதான் உறைத்தது.

கிணறும் சுவரும் கல்லும்

இனி வடசென்னை. தங்கசாலைப் பக்கம் ஏழு கிணறு என்று ஒரு பேட்டை. 1772-ல் கேப்டன் பேக்கர் என்பவர் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க இங்கே கிணறுகள் வெட்டினார். பெயர் ஏழு கிணறு, வெட்டியது பத்து! ஒவ்வொன்றும் 16 அடி விட்டம். நாளொன்றுக்கு 1,40,000 காலன் கொடுக்கும் திட்டம். நகரத்தின் முதல் குடிநீர்த் திட்டம் இதுவே என்பார்கள்.

அங்கிருந்து மேற்கே போனால் வால்டாக்ஸ் ரோடு. ஆட்டோக்காரரிடம், “இந்தப் பேர் எப்படிங்க வந்தது?” என்று கேட்டேன். “வால்டாக்ஸ்னா வால்டாக்ஸ்தான் சார். அதுக்கெல்லாம் அர்த்தமா பாப்பாங்க?” என்றார். அர்த்தம் இருக்கிறது. ஹைதர் அலியின் குதிரைப் படை 1767-லும் 1769-லும் ஊர் வாசல் வரை வந்து கலக்கியதால், கம்பெனி ஊரைச் சுற்றி மதில் எழுப்பியது. அந்தச் செலவுக்கு மக்கள் மேல் வரி போடப் பார்த்தார்கள். வரி வசூலானபாடில்லை. பெயர் மட்டும் ரோட்டில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மதிலின் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டில் இன்னும் இருக்கிறது. மேலே பூங்கா, ஆகவே ‘மாடிப் பூங்கா’ என்று பெயர்.

கடைசியாகப் பாரிமுனை. 1758–59-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்டபோது, அருகிலிருந்த வீடுகள் அவர்களுக்கு மறைவிடமாயின. அதனால் பிறகு கோட்டையைச் சுற்றித் திறந்தவெளி விட்டு, இதற்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று ஆறு எல்லைத் தூண்கள் நட்டார்கள். அந்தத் திறந்தவெளிதான் எஸ்பிளனேடு. மிஞ்சிய ஒரே தூண் டேர் ஹவுஸ் மூலையில் 1773 ஜனவரி 1 என்ற தேதியோடு நிற்கிறது. எத்தனை முறை அந்த இடத்தில் பஸ் பிடிக்க ஓடியிருப்போம்!

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சர்வே கேம்ப்புக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் பரங்கிமலை ஏறுங்கள். முன்கூட்டி அனுமதி கேட்டு நுங்கம்பாக்கத்துத் தூணையும் பாருங்கள். இந்த நகரத்தில் ரோடு அகலமாகிறது, மெட்ரோ தோண்டுகிறார்கள், பாலம் வருகிறது. அந்த வரைபடங்களை நாளை போடப்போவது நீங்கள்தான். ஒரு பழைய கல் குறுக்கே வந்தால், அது வெறும் கல்லா, யாரோ உயிரைக் கொடுத்து அளந்து நட்ட கல்லா என்று கேட்கத் தெரிந்தவர் அந்த இடத்தில் ஒருவராவது இருக்க வேண்டும். ஆறு தூணில் ஐந்து போனபோது அப்படிக் கேட்க ஆள் இருந்திருக்காது.

மதுரை நண்பனும் இந்தச் சந்திப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். டேய், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பரங்கிமலை ஸ்டேஷனில் நில். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடலாம். பீச்சுக்குச் சாயங்காலம் போகலாம்!