லென்ஸ் வந்த வழி

கண்புரை ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியவரிடம் என்ன செய்தார்கள் என்று கேட்டால், "லென்ஸ் வச்சாங்க" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். தன் கண்ணுக்குள் இருக்கும் அந்தப் பொருளை அவர் பார்த்திருக்கவே மாட்டார். அகலம் ஆறு மில்லிமீட்டர். இரண்டு ஓரத்திலும் மெல்லிய இழை ஒன்று வளைந்து நிற்கும். எடை ஒரு நெல்மணிக்கு மேல் போகாது. லண்டனில் பிறந்த இந்தப் பொருள் நம் ஊர் முகாம்களுக்கு வந்துசேர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கொண்டுவந்து சேர்த்தவர் பணி ஓய்வு பெற்ற ஒரு கண் மருத்துவர். அவரும் அவர் குடும்பமும் என்று சொல்வதுதான் நியாயம்.

தொடக்கம் ஒரு போரில். 1940 ஆகஸ்ட் 15 அன்று கார்டன் கிளீவர் என்ற பிரிட்டிஷ் விமானி ஓட்டிய ஹரிக்கேன் விமானம் சுடப்பட்டது. ஸ்பிட்ஃபயர் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அவர் ஓட்டியது ஹரிக்கேன்தான். விமானத்தின் பெர்ஸ்பெக்ஸ் கூண்டு சிதறி, சில்லுகள் அவர் கண்களில் பாய்ந்தன. அந்தக் கண்களைப் பார்த்த டாக்டர் ஹெரால்ட் ரிட்லி ஒன்றைக் கவனித்தார். வேறு பல பொருள்கள் உள்ளே போனால் சிவந்து, வீங்கி, சீழ்கட்டும் கண், இந்தப் பிளாஸ்டிக் சில்லுகளை அப்படியே பொறுத்துக்கொண்டிருந்தது. 1949 நவம்பர் 29 அன்று, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், 45 வயதுப் பெண் ஒருவரின் கண்ணில் புரையை எடுத்துவிட்டு பெர்ஸ்பெக்ஸ் லென்ஸைப் பொருத்தினார்.

கணக்கு கொஞ்சம் பிசகிவிட்டது. இயற்கையான லென்ஸின் வடிவத்தையே பார்த்துச் செய்திருந்தார்கள். பெர்ஸ்பெக்ஸோ ஒளியை அதைவிட அதிகமாக வளைக்கும். அந்த அம்மாவுக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. அடுத்தடுத்த லென்ஸ்களில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். சரிசெய்ய முடியாதது தொழிலில் மூத்தவர்களின் எதிர்ப்பு. கண்ணுக்குள்ளிருந்து அந்நியப் பொருளை எடுப்பதுதான் மருத்துவம், வைப்பதா என்றார்கள். 1971இல் ரிட்லி ஓய்வு பெற்றபோதும் அவர் கண்டுபிடிப்புக்கு உரிய இடம் கிடைத்திருக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் மதுரை எர்ஸ்கின் மருத்துவமனையில், கோணிப்போன விரல்களோடு ஒருவர் புரை அறுத்துக்கொண்டிருந்தார். கோவிந்தப்ப வெங்கடசாமி. 1918இல் எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். ஆற்று மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் படித்த தலைமுறை. உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பிள்ளைப்பேற்றில் அடுத்தடுத்து இறந்ததைப் பார்த்து, பிரசவ மருத்துவராக வேண்டும் என்று ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து 1944இல் பட்டம் வாங்கினார். பிறகு ராணுவ மருத்துவப் பணி. முடக்குவாதம் அங்கேதான் பிடித்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். பிரசவம் பார்க்கும் கைகள் இனி இல்லை என்றாயிற்று. எழுந்து நடக்க முடிந்ததும் கண் மருத்துவம் படித்தார். கத்தியைப் பிடிக்க விரல்களைப் புதிதாகப் பழக்கினார். அந்த விரல்களால் வாழ்நாளில் அவர் செய்த ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

அவருக்கு முப்பது வயது கடந்த சமயத்தில் தந்தை இறந்தார். தம்பி தங்கைகளின் படிப்பு, கல்யாணம் எல்லாம் அண்ணன் தலையில். அவர் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. மனைவி மக்கள் இல்லாத இவரைப் போலக் குடும்பஸ்தர் ஒருவரைக் காண்பது அரிது என்றே எனக்குத் தோன்றுகிறது. இருபது வயதுக்கு மேல் இளையவரான தங்கை நாச்சியாரைக் கண் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். நாச்சியாரின் கணவர் நம்பெருமாள்சாமியும் அதே துறை. கட்டடம், கணக்கு என்று தம்பி சீனிவாசன் ஒரு பக்கம் நின்றார்.

அந்தக் காலத்து ஆபரேஷனில் லென்ஸ் கிடையாது. புரையை அதன் உறையோடு மொத்தமாக எடுத்துவிடுவார்கள். ஈடாகக் கிடைப்பது சோடாபுட்டிக் கண்ணாடி. அதைப் போட்டவர்கள் பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பாத்திரம் உள்ளதைவிடப் பெரிதாக, பக்கத்தில் வந்துவிட்டதுபோல் தெரியும்; எடுக்கப் போன கை நடுவழியில் மூடிக்கொள்ளும். நேரே பார்த்தால்தான் பார்வை. பக்கவாட்டில் எதுவும் சரியாகத் தெரியாது. நிலைப்படியில் தோள் இடிக்கும். படி இறங்கும்போது கால் தடுமாறும். வெயிலில் களை எடுக்கும்போது மூக்கிலிருந்து வழுக்கும். ஒரு நாள் உடைந்துவிட்டால் மறுபடி குருடுதான். டவுனுக்கு அழைத்துப்போக மகனுக்கு நேரமும் காசும் இருக்க வேண்டும்.

1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. அதே ஆண்டு மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கியது. பெயர், அவர் மனதில் குருவாக வரித்திருந்த ஸ்ரீ அரவிந்தருடையது. வங்கி கைகொடுக்கவில்லை. வீடு அடமானத்துக்குப் போயிற்று, பெண்களின் நகைகளும் போயின. குடும்பத்தில் மருத்துவர்களாக இருந்தவர்கள் கூடவே வந்து வேலை செய்தார்கள். பணம் கட்டுபவர் தரும் வருமானத்தில் பணம் இல்லாதவருக்கும் அதே கத்தி, அதே மருத்துவர். இந்த ஏற்பாட்டை இன்று மேலாண்மைப் பள்ளிகளில் பாடமாக வைக்கிறார்கள். அன்று அது கூட்டுக் குடும்பத்தின் வரவு செலவு.

1980களில் லென்ஸ் இங்கே வந்துவிட்டது, ஆனால் விலை நூறு டாலருக்கு மேல். அதனால் ஒரே மருத்துவமனைக்குள் இரண்டு வரிசை உண்டானது. காசு உள்ளவர் லென்ஸோடு போனார். முகாமிலிருந்து வந்தவர் சோடாபுட்டியோடு போனார். ஏழை நாடுகளுக்கு லென்ஸ் ஆடம்பரம் என்ற வாதம் சர்வதேச வட்டாரங்களிலேயே இருந்தது. வெங்கடசாமியால் அதை ஏற்க முடியவில்லை. வயலில் குனிந்து வேலை செய்பவருக்குத்தான் உடையாத பார்வை முதலில் வேண்டும்.

லென்ஸ் உட்கார உறை வேண்டும் என்பதால், முதலில் ஆபரேஷன் முறையே மாறியது. உறையைக் கண்ணிலேயே விட்டுவிட்டுப் புரையை மட்டும் எடுக்க வேண்டும். அதற்கு மைக்ராஸ்கோப்பும் புதுப் பயிற்சியும் தேவை. தங்கையும் மைத்துனரும் மற்றவர்களும் கற்றார்கள், வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்புறம் லென்ஸையே இங்கே செய்யும் முயற்சி. சேவா அறக்கட்டளையும் டேவிட் கிரீன் என்ற அமெரிக்கரும் துணை நிற்க, 1992இல் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்கூடம் மதுரையில் பிறந்தது. சிறு பிளாஸ்டிக் வில்லையைக் கடைந்து, மெருகேற்றி, இழை பொருத்தி, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகச் சோதித்துக் கிருமி நீக்கி அனுப்பியவர்களில் பலர் கிராமத்துப் பெண்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பிறகு அதற்கும் கீழே போனது. இரண்டு வரிசை ஒன்றானது.

கதை தொடங்கிய இடத்தில், விமானி கிளீவரின் கண்ணிலும் 1987இல் லென்ஸ் வைத்தார்கள். 1990இல் ரிட்லிக்கும், அதே செயின்ட் தாமஸில். அரண்மனை அவருக்கு 'சர்' பட்டம் தந்தபோது வயது 93. அடுத்த ஆண்டு காலமானார். கௌரவம் அவ்வளவு தாமதமாக வந்தது என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

ஊழியர்கள் 'சீஃப்' என்று அழைத்த வெங்கடசாமி 2006 ஜூலை 7 அன்று மறைந்தார். பேரப்பிள்ளைகளின் முறையில் இருந்த குழந்தைகளை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூட்டி உட்காரவைத்து, படித்ததையும் பார்த்ததையும் ஒவ்வொருவராகச் சொல்லவைப்பது அந்த வீட்டு வழக்கம். அப்படி வளர்ந்த பலர் கண் மருத்துவர்களானார்கள். மூன்று தலைமுறையாக முப்பது பேருக்கு மேல் அந்த மருத்துவமனைகளில் வேலை பார்த்திருக்கிறார்கள். ஆரோலேப் லென்ஸ்கள் இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. நகரத்து மருத்துவமனைகள் மடித்துச் செலுத்தும் புது வகைக்கு மாறிவிட்டன. சின்ன வெட்டு, தையல் இல்லை, மடியாத பழைய லென்ஸ் என்ற முறை முகாம்களில் இன்னும் தொடர்கிறது. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் அதற்குத் தேவையில்லை.