எக்கோ திட்டம்

எக்கோ திட்டம் என்பது மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் உள்ள சிறப்பு மருத்துவர்கள், ஏழை எளியோருக்கு மருத்துவம் பார்க்கும் சிறிய மருத்துவ நிலையங்களின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் காணொளி வழியாகத் தொடர்ந்து பயிற்சி தரும் முறை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகெர்க்கி நகரிலுள்ள நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் 2003-ஆம் ஆண்டு இது தொடங்கியது. தொடங்கியவர் அங்கே பணியாற்றிய கல்லீரல் மருத்துவர் சஞ்சீவ் அரோரா. புனேயிலுள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா சென்றவர். 'எக்ஸ்டென்ஷன் ஃபார் கம்யூனிட்டி ஹெல்த்கேர் அவுட்கம்ஸ்' என்ற நீண்ட பெயரைச் சுருக்கி எக்கோ என்று அழைக்கிறார்கள்.

ஹெபடைட்டிஸ் சி என்ற ஒரே ஒரு நோய்க்காகத் தொடங்கிய முறை இது. பின்னர் போதைப் பழக்கம், எச்.ஐ.வி., சர்க்கரை நோய், மனநலம், புற்றுநோய், வலிதணிப்பு மருத்துவம் எனப் பல துறைகளுக்கும், இந்தியா உட்படப் பல நாடுகளுக்கும் பரவியது. மருத்துவர்களுக்கான இணையவழிப் பயிற்சி பெரும்பாலும் பதிவு செய்த விரிவுரை, அதன்மேல் பத்துக் கேள்விகள், பிறகு ஒரு சான்றிதழ் என்று முடிந்துவிடும். எக்கோ அமர்வில் விரிவுரைக்கு இடம் கொஞ்சம்தான். பயிற்சிக்கு வந்த மருத்துவரிடம் அந்த வாரம் சிகிச்சையில் இருக்கும் நோயாளிதான் அங்கே முக்கியப் பாடம்.

தோன்றிய சூழல்

நியூ மெக்சிகோ பரப்பில் அமெரிக்காவின் ஐந்தாவது பெரிய மாநிலம். மக்கள்தொகையோ இன்றும் சுமார் 21 லட்சம்தான். ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களும் அமெரிக்கப் பூர்வகுடிகளும் பெருமளவில் வாழும் இம்மாநிலம், அந்நாட்டின் ஏழை மாநிலங்களில் ஒன்று. சிறப்பு மருத்துவர்களில் பெரும்பாலோர் ஆல்புகெர்க்கியிலேயே இருந்தார்கள்.

ஹெபடைட்டிஸ் சி ரத்தத்தின் வழியே பரவும் வைரஸ் நோய். பகிர்ந்துகொண்ட ஊசிகள், முறையாகப் பரிசோதிக்காத ரத்தம் ஆகியவை முக்கியக் காரணங்கள். உடம்புக்குள் புகுந்த பிறகு பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் கல்லீரலை மெல்ல மெல்லச் சுருங்க வைக்கும். சிலருக்குப் புற்றுநோயில் கொண்டுபோய் விடும். 2004 வாக்கில் நியூ மெக்சிகோவில் சுமார் 28,000 பேருக்கு இந்நோய் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அவர்களில் சிகிச்சை பெற்றிருந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. சிறைகளில் நோய் உறுதியானவர்கள் மட்டும் 2,300 பேர். அவர்களில் ஒருவருக்குக்கூடச் சிகிச்சை கிடைக்கவில்லை.

அரோராவின் மருத்துவப் பிரிவில் இடம் கிடைக்க எட்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. இடம் கிடைத்தாலும் சிக்கல் தீராது. அன்றைய சிகிச்சை, வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, அதனுடன் தினமும் ரிபாவிரின் மாத்திரை. வைரஸின் வகையைப் பொறுத்து 24 வாரம் அல்லது 48 வாரம் நீளும். ரிபாவிரின் ரத்தசோகையை உண்டாக்கும். இன்டர்ஃபெரான் வெள்ளணுக்களைக் குறைக்கும், சிலரை ஆழ்ந்த மனச்சோர்வில் தள்ளும். அதனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஒரே நோயாளி பலமுறை நேரில் வந்தாக வேண்டும். ஒருமுறை வருவதற்கே முந்நூறு நானூறு கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டியவர்கள் பலர். அன்றாடக் கூலியை இழந்து, பெட்ரோலுக்குக் கடன் வாங்கி, குழந்தைகளை யாரிடமாவது விட்டுவிட்டு ஒருவர் இதைச் செய்வார் என்று எதிர்பார்ப்பதே தவறு. பலர் வரவில்லை. வந்தவர்களில் சிலர், புற்றுநோய் முற்றிய பிறகு வந்தார்கள்.

அந்த ஊர்களில் மருத்துவர்களே இல்லை என்று சொல்ல முடியாது. அரசு உதவியில், வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் சமுதாய மருத்துவ நிலையங்கள் மாநிலம் முழுக்க இருந்தன. அங்கிருந்த பொது மருத்துவர்களுக்கும், தாமே மருந்து எழுதும் உரிமையுள்ள செவிலியர்களுக்கும் இந்தச் சிகிச்சையில் கை வைக்கத் துணிச்சல் இல்லை. அவர்கள் தயங்கியதும் நியாயமே. தவறினால் ஆபத்தான மருந்துகள் இவை. சிகிச்சையைத் தள்ளி நின்று பார்த்த அந்த மருத்துவர்களையே சிகிச்சை தருபவர்களாக மாற்ற முடியும் என்பதுதான் அரோராவின் கணக்கு.

அமர்வு நடக்கும் விதம்

ஒரு மையம், அதனுடன் இணைந்த பல கிளைகள் என்பது இதன் அமைப்பு. மையத்தில் ஒரு சிறப்பு மருத்துவர் மட்டும் இருந்தால் போதாது. ஹெபடைட்டிஸ் சி அமர்வில் கல்லீரல் மருத்துவருடன் மனநல மருத்துவர், மருந்தாளுநர், செவிலியர் ஆகியோரும் உட்கார்ந்தார்கள். இன்டர்ஃபெரான் தரும் மனச்சோர்வைக் கல்லீரல் மருத்துவர் தனியாகச் சமாளிக்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. கிளைகள் என்பவை ஊர்ப்புற மருத்துவ நிலையங்களும் சிறை மருத்துவமனைகளும். வாரத்தில் குறித்த நாளில், குறித்த நேரத்தில், எல்லோரும் ஒரே காணொளி இணைப்பில் கூடுகிறார்கள். தொடக்க ஆண்டுகளில் காணொளி வசதி இல்லாத இடங்களிலிருந்து தொலைபேசியிலும் சேர்ந்துகொண்டார்கள்.

முதலில் சுருக்கமாக ஒரு பாடம். பிறகு கிளை மருத்துவர் ஒருவர் தம் நோயாளியைப் பற்றிச் சொல்கிறார். பெயர் சொல்வதில்லை, அடையாள எண் மட்டும். வயது, வைரஸ் வகை, ஹீமோகுளோபின், பிற நோய்கள், குடிப்பழக்கம், வீட்டுச் சூழல் என எல்லாம் ஒரே ஒழுங்கில் சொல்லப்பட வேண்டும். இந்த ஒழுங்கே பாதிப் பயிற்சி. எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கேட்க மறந்தோம் என்பது படிவத்தை நிரப்பும்போதே புரிந்துவிடும். கேள்விகள் மையத்திலிருந்து மட்டும் வருவதில்லை, மற்றக் கிளைகளிலிருந்தும் வருகின்றன. சென்ற மாதம் அதே சிக்கலைச் சந்தித்த செவிலியர் ஒருவர், தாம் என்ன செய்தார் என்று சொல்வார். கடைசியில் மையம் பரிந்துரை தருகிறது. அதை ஏற்பதும் மாற்றுவதும் கிளை மருத்துவரின் பொறுப்பு.

தொலைமருத்துவத்திலிருந்து எக்கோ பிரிவது இந்த இடத்தில்தான். தொலைமருத்துவத்தில் நகரத்துச் சிறப்பு மருத்துவர் திரை வழியே நோயாளியைப் பார்க்கிறார். ஒரு மணி நேரத்தில் அவர் பார்க்கக்கூடியவர் மூன்று நான்கு பேர். இணைப்பு அறுந்தால் ஊருக்கு எதுவும் மிஞ்சாது. எக்கோவில் சிறப்பு மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. ஒரு நோயாளியைப் பற்றிய பேச்சை முப்பது மருத்துவர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொருவரும் அதைத் தம் நோயாளிகளிடம் கொண்டு போகிறார்கள். ஓராண்டு தொடர்ந்து வந்தவர், முன்பு நடுங்கிய மருந்தைத் தாமே துணிந்து எழுதுகிறார். சந்தேகம் வரும்போது மட்டும் அமர்வில் கொண்டுவந்து வைக்கிறார்.

பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. மருத்துவர்கள் ஆண்டுதோறும் சேர்க்க வேண்டிய தொடர்கல்வி மதிப்பெண்களும் இதில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிற நிறுவனங்கள் மையம் தொடங்க விரும்பினால், ஒப்பந்தம் செய்துகொண்டு முறையையும் மென்பொருளையும் விலையின்றிப் பெறலாம். ஓரிடத்தில் தனியாகப் பணியாற்றும் மருத்துவருக்கு, தம் கஷ்டம் புரிந்த சக மருத்துவர்களோடு வாரம் ஒருமுறை பேசக் கிடைப்பதும் ஒரு பலன். ஊர்ப்புறப் பணியை விட்டு ஓடுகிறவர்கள் சம்பளத்துக்காக மட்டும் ஓடுவதில்லை.

2011 ஆய்வு

எக்கோவின் பெயர் உலகெங்கும் தெரியக் காரணம் 2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு. முன்பு சிகிச்சை பெறாத 407 நோயாளிகளை அது ஒப்பிட்டது. 146 பேர் பல்கலைக்கழக மருத்துவமனையில் சிறப்பு மருத்துவர்களிடம் நேரில் சிகிச்சை பெற்றவர்கள். 261 பேர் எக்கோ பயிற்சி பெற்றவர்களிடம், 16 சமுதாய மருத்துவ நிலையங்களிலும் 5 சிறைகளிலும் சிகிச்சை பெற்றவர்கள். வைரஸ் உடம்பை விட்டு நீங்கியவர்கள் பல்கலைக்கழகத்தில் 57.5 சதவீதம், எக்கோ நிலையங்களில் 58.2 சதவீதம். கடுமையான பக்கவிளைவுகள் பல்கலைக்கழகத்தில் 13.7 சதவீதத்தினருக்கும் எக்கோ நிலையங்களில் 6.9 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. எக்கோ நிலையங்களில் சிகிச்சை பெற்றவர்களில் சிறுபான்மை இனத்தவரின் பங்கும் அதிகம்.

இந்த எண்களை வைத்து ஊர் மருத்துவர் நகர மருத்துவரைவிடத் திறமையானவர் என்று சொல்லிவிடக் கூடாது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்திய சோதனை இல்லை இது. நோய் முற்றியவர்கள் பல்கலைக்கழகத்துக்கே போயிருக்கலாம். சிறையில் இருப்பவர் ஊசிக்கு வரத் தவற வழியும் குறைவு. அப்படிக் கழித்துப் பார்த்தாலும், சிக்கலான சிகிச்சையைப் பொது மருத்துவர்கள் பாதுகாப்பாகத் தர முடியும் என்பது அந்த ஆய்வில் நிலைபெற்றது.

பிற துறைகளுக்குப் பரவல்

2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. அதன்பின் வந்த மருந்துகளால், இன்டர்ஃபெரான் ஊசியே இல்லாமல், பெரும்பாலும் பன்னிரண்டு வாரங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஹெபடைட்டிஸ் சி குணமாகத் தொடங்கியது. எக்கோ எந்தக் கடினத்துக்காகப் பிறந்ததோ அந்தக் கடினம் பெருமளவு தீர்ந்துபோனது. ஆனால் அதற்குள் முறை வேறு நோய்களுக்குப் போய்விட்டது.

முக்கியமானது போதைப் பழக்கச் சிகிச்சை. ஓபியாய்டு போதைக்கு அடிமையானவர்களுக்கு உதவும் பூப்ரனார்ஃபின் மருந்தை எழுத, அமெரிக்க மருத்துவர்கள் தனிப் பயிற்சியும் தனி அனுமதியும் பெற வேண்டியிருந்தது. இந்த விதி 2022 இறுதியில் இயற்றிய சட்டத்தால்தான் நீங்கியது. அதுவரை, அனுமதி வாங்கியும் எழுதத் தயங்கிய பொது மருத்துவர்களுக்கு எக்கோ அமர்வுகள் துணையாக இருந்தன. நியூ மெக்சிகோ சிறைகளில் 2009 முதல் நடந்த இன்னொரு பணி பலருக்கும் தெரியாதது. அங்கே கைதிகளுக்கே பயிற்சி தந்து, தொற்று நோய்களைப் பற்றிச் சக கைதிகளுக்குச் சொல்லித்தர வைத்தார்கள். ஊசி பகிர்வதன் ஆபத்தைக் காவலர் சொல்வதைவிட, பக்கத்து அறைக்காரர் சொன்னால் காதில் ஏறும்.

ஓக்லஹோமா மாநிலத்தில் செரோக்கி பூர்வகுடியினர் 2015-இல் ஹெபடைட்டிஸ் சி ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, தங்கள் மருத்துவ நிலையங்களின் பொது மருத்துவர்களைத் தயாரிக்க எக்கோ முறையைத்தான் பயன்படுத்தினார்கள். டெக்சஸின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம், மெக்சிகோ எல்லையோர ஏழைப் பகுதிகளிலும் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக இதைக் கையாண்டது. கொரோனா காலத்தில் அமெரிக்க அரசு நிதியில், ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முதியோர் பராமரிப்பு இல்லங்களின் பணியாளர்கள் நோய்த்தடுப்புப் பயிற்சி பெற்றார்கள்.

2016-இல் அமெரிக்க நாடாளுமன்றம் எக்கோ சட்டத்தை நிறைவேற்றியது. குடியரசுக் கட்சியின் ஓரின் ஹாட்ச், ஜனநாயகக் கட்சியின் பிரையன் ஷாட்ஸ் இருவரும் கொண்டுவந்த மசோதாவுக்கு மேலவையில் எதிராக ஒரு வாக்குகூட விழவில்லை. அந்த ஆண்டின் அரசியல் சூட்டை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது அதிசயமாகத் தோன்றும். சட்டம் பணம் ஒதுக்கவில்லை, முறையை ஆராய்ந்து அறிக்கை தரச் சொன்னது. ஒற்றுமை எளிதாக வந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இந்தியாவில்

இந்தியாவில் எக்கோ இந்தியா என்ற அறக்கட்டளை மையங்களை ஒருங்கிணைக்கிறது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனம் மனநலம், போதை மீட்பு ஆகிய துறைகளில் சத்தீஸ்கர், பீகார் முதலான மாநிலங்களின் மாவட்ட, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குப் பயிற்சி தந்தது. திருவனந்தபுரத்தின் பாலியம் இந்தியா அமைப்பு வலிதணிப்பு மருத்துவத்துக்கு இந்த வழியைக் கைக்கொண்டது.

பஞ்சாபின் அனுபவம் நின்று பார்க்கத் தக்கது. ஒரே ஊசியைப் பலருக்கும் போடும் வழக்கம் உள்ளிட்ட காரணங்களால் அம்மாநில ஊர்ப்புறங்களில் ஹெபடைட்டிஸ் சி பரவியிருந்தது. 2016-இல் மாநில அரசு இலவசச் சிகிச்சை தொடங்கியது. நோயாளிகளை எல்லாம் சண்டிகர் பட்டமேற்படிப்பு மருத்துவக் கழகத்துக்கு வரச் சொல்லாமல், 22 மாவட்ட மருத்துவமனைகளிலும் 3 அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சை நடந்தது. அங்குள்ள மருத்துவர்களுக்கு எக்கோ அமர்வுகள் வழியே சண்டிகர் வழிகாட்டியது. 2019-இல் வெளியான ஆய்வின்படி, 48,000-க்கும் மேற்பட்டோர் இதில் இடம்பெற்றார்கள். ஐந்தில் நான்கு பேர் ஊர்ப்புறத்தவர். சிகிச்சையை முடித்துக் கடைசிப் பரிசோதனைக்கும் வந்தவர்களில் 91.6 சதவீதத்தினருக்கு வைரஸ் நீங்கியிருந்தது. இந்திய நிறுவனங்கள் மலிவாகத் தயாரித்த மருந்து அரசுச் செலவில் கிடைத்திராவிட்டால், எத்தனை அமர்வு நடத்தியும் இந்த எண் வந்திருக்காது.

குறைகளும் விவாதமும்

எக்கோ பற்றிய ஆய்வுகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை, பயிற்சிக்கு வந்தவர்களுக்கு அறிவு கூடியதா, தன்னம்பிக்கை வந்ததா, திருப்தியா என்று கேட்பவை. நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவை குறைவு. 2016 சட்டம் கேட்டுப் பெற்ற அறிக்கையும் சான்றுகள் இன்னும் போதவில்லை என்றே 2019-இல் சொன்னது. ஹெபடைட்டிஸ் சி-யில் வைரஸ் போயிற்றா இல்லையா என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். மனச்சோர்வுக்கோ நாள்பட்ட வலிக்கோ அப்படி ஒரு பரிசோதனை இல்லை. 2025-க்குள் நூறு கோடிப் பேரின் வாழ்வைத் தொடுவோம் என்று இயக்கத்தார் அறிவித்திருந்தார்கள். தொடுவது என்றால் என்ன, அதை எப்படி எண்ணுவது என்ற கேள்வியை அது எழுப்பியது.

பரவப் பரவ முறை நீர்த்துப்போகும் ஆபத்தும் உண்டு. நோயாளியைப் பற்றிப் பேச யாரும் முன்வராத அமர்வுகளில், மையத்தில் இருப்பவர் படவில்லைகளைப் போட்டுப் பேசிக்கொண்டே போவார். இருநூறு பேர் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்கும் எக்கோ என்றே பெயர். வருகைப் பதிவேட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

பணச் சிக்கல் இன்னும் தீரவில்லை. அமெரிக்காவில் பார்த்த நோயாளிக்குத்தான் காப்பீட்டுப் பணம் வரும். அமர்வில் கழியும் ஒரு மணி நேரத்துக்கு ஊர் மருத்துவ நிலையத்துக்கு வருமானம் இல்லை, மையத்தில் உட்காரும் சிறப்பு மருத்துவருக்கும் அதே நிலை. நியூ மெக்சிகோவில் மாநில அரசு நிதி ஒதுக்கியதால் சமாளித்தார்கள். மற்ற இடங்களில் மையங்கள் அறக்கட்டளைகளின் மானியத்தை நம்பியிருக்கின்றன. மானியம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தரப்படுவது. பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் இடம் மாறிப் போனால், அடுத்து வருபவருக்கு முதலிலிருந்து தொடங்க அந்த அவகாசம் பல இடங்களில் போதவில்லை.