உள்லைற் எரிய வேண்டும்

பழைய கார் வரலாறு என்றால் எல்லாரும் எஞ்சினைத்தான் பேசுவார்கள். நாங்கள் டாஷ்போட்டுக்குள் போகிறோம். மட்டக்களப்பில் விசயம் அங்கேதான் இருக்கு.

மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. உற்பத்தி நிற்பதற்குள் பதினாறு இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். இலங்கையில் அது இவ்வளவு காலம் நின்றதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. 1970–77 இறக்குமதிக் கட்டுப்பாட்டில் புதுக் காருக்கு வழியில்லை, இருந்ததைத் திருத்தித்தான் ஓடினார்கள். 1977க்குப் பிறகு ஜப்பான் கார்கள் வந்தன. கிழக்கில் யுத்தமும் வந்தது.

1954இன் கடைசியிலிருந்து வந்த மைனரில் டாஷ்போட்டின் நடுவில் ஒரே ஒரு பெரிய ஸ்பீடோமீற்றர். பெற்றோல் முள்ளும் அதற்குள்ளேயே. கியர்பொக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும், காந்தம் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து வைக்கும். முள் துடிச்சா உடனே மீற்றரைக் கழற்றாதீங்க. பெரும்பாலும் கேபிளில் கிறீஸ் காய்ந்திருக்கும், இல்லாட்டி எங்கேயோ மடங்கியிருக்கும். பெற்றோல் முள் இன்னும் மோசம். வாவியும் கடலும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊரில் உப்புக்காற்று எர்த் இணைப்புகளைத் தின்றுவிடும். தாங்கியில் எர்த் விட்டால், பழைய மைனர்களில் வெறும் தாங்கியையும் முள் நிறைவென்று காட்டும். படுவான்கரைக்கு எரிபொருளும் பற்றரியும் கட்டுப்பாட்டோடு போன நாட்களில், வலையிறவுப் பாலம் தாண்டி அந்த முள்ளை நம்புவது சின்ன விசயமில்லை. தாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்ப்பதே புத்தி.

அதைவிடப் பெரிது லைற். இரவில் காவலரணை நெருங்கினால் முன்லைற்றை அணைத்து, உள்லைற்றைப் போட வேண்டும். உள்ளே இருப்பவர்களின் முகம் தெரியணும். உள்லைற் எரியாத கார் சந்தேகத்துக்குரிய கார். ஒரு துருப்பிடித்த பல்ப் ஹோல்டரைச் சுரண்டித் துடைப்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்த காலம் அது. கார் விமர்சனங்களில் இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை!

முன்லைற்றிலும் ஒரு வில்லங்கம். மைனரில் ஃபியூஸ் இரண்டே இரண்டுதான், முன்லைற்றுக்கு ஃபியூஸே கிடையாது. பழைய துணிச்சுற்று வயர் உரசினால் புகைதான் முதலில் வரும். 1961 வரை வந்தவற்றில் திருப்பத்தைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து எழும்பும் சின்னக் கைகளும் உண்டு, உப்பில் முதலில் இறுகுவது அதுதான்.

2020இல் வாகன இறக்குமதி திரும்பவும் நின்றது. கராஜ்களில் மூடிக் கிடந்த மைனர்கள் வெளியே வந்தன. இப்போது அவற்றுக்கு எல்ஈடி பல்ப் போடுகிறார்கள். ஆனால் இந்தக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் பொடியோடு சேரும். அதைப் பார்க்காமல் வாங்கினால் பல்ப் எரியாது.