தனுஷ்கோடி: துண்டிக்கப்பட்ட ஊரும் தொடரும் வாழ்வும்

தனுஷ்கோடியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1964 டிசம்பர் புயலில் தொடங்கி, இடிந்த தேவாலயச் சுவரோடு முடித்துவிடுகின்றனர். புயலே அவ்வூரைத் தனிமைப்படுத்தியது என்ற கருத்து இதனால் நிலைபெற்றுவிட்டது. அத்தனிமையைப் புயல் தொடங்கிவைத்தது. அரை நூற்றாண்டுக்கு நீட்டித்தவை அதன்பின் எடுக்கப்பட்ட முடிவுகளே என்பது இக்கட்டுரையின் வாதம்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றதே முதன்மை இருப்புப்பாதை. இராமேஸ்வரம் அதன் கிளை. சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் போட் மெயில் ரயிலில் ஏறி, தனுஷ்கோடித் துறையில் கப்பல் மாறி, தலைமன்னார் வழியாகக் கொழும்பு சேர முடிந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களும் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடிந்து இவ்வழியே கடல் கடந்தனர். சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி, மருத்துவமனை எல்லாம் இருந்த இவ்வூர், இரு நாடுகளுக்கு இடையிலான வாயிலாகவே விளங்கியது.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் ஊரை அழித்தது; பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் கடலில் மூழ்கியது. அதே புயலில் சிதைந்த பாம்பன் பாலம், பொறியாளர் இ. ஸ்ரீதரனின் மேற்பார்வையில் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. இராமேஸ்வரத்துக்கு ரயில் மீண்டும் ஓடியது. கப்பல் போக்குவரத்தும் அங்கே மாறியது. தனுஷ்கோடியோ மக்கள் வாழத் தகுதியற்ற இடமென்று அறிவிக்கப்பட்டது. அதன் பாதை திரும்பப் போடப்படவேயில்லை.

ஆயினும் மீனவர் திரும்பினர். வடக்கே பாக் நீரிணை அவர்களுக்குப் பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளித்தால் தென்கரையிலும், தென்மேற்குக் காற்று வலுத்தால் வடகரையிலும் கரைவலை இழுக்கின்றனர். குடிநீருக்கு மணலில் கையாலேயே ஊற்றுத் தோண்டுகின்றனர். மழைநீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆதலால் மணலுக்கடியில் அதன்மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும் என்பதால், ஊறுவதற்குப் பொறுத்திருந்து மேலாகவே அள்ளுகின்றனர். இந்த அளவறிந்த அறிவே அங்கு வாழ்வை இயலச் செய்தது.

குறுகிய மணல்திட்டில் மீண்டும் நகரம் எழுப்புவது ஆபத்து என்ற அரசின் அச்சம் நியாயமானதே. ஆனால் நகரம் கட்டாதிருப்பது வேறு, வாழ்வோரைக் கணக்கில் கொள்ளாதிருப்பது வேறு. 2017இல் நிலமுனையான அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படும்வரை நோயாளியும் மாணவரும் மீன்கூடையும் மணலைக் கடந்தே வெளியேற வேண்டியிருந்தது. இன்று அச்சாலையில் சுற்றுலாப் பயணிகள் குவிகின்றனர். இடிபாடுகளைக் காக்கத் திட்டமிடுவோர், குடிநீருக்கும் பள்ளிக்கும் புயல் காப்பிடத்துக்கும் முதலிடம் தர வேண்டும். தனுஷ்கோடியின் வரலாற்றை எழுதுவோரும் அதனை அழிந்த நகரமாக அன்றி, மக்கள் வாழும் ஊராகவே பதிவு செய்ய வேண்டும்.